பழைய பெட்டிக்கு மயில்கழுத்து வண்ணம்

தில்லியில் வாழும் நம்மவர் வீடுகளில் ஒரு மூலை உண்டு. ஊருக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும் டிரங்குப் பெட்டி, மிக்ஸியின் பழைய ஜாடி, கால் ஆடும் நாற்காலி ஆகியவற்றோடு ஒரு பழைய கம்ப்யூட்டரும் அங்கே சேர்ந்துவிட்டது. "கபாடி... கபாடிவாலா" என்று தெருவில் குரல் கேட்டால் போதும், கிலோ என்ன விலை என்று விசாரித்துத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். அங்கிருந்து அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. யமுனைக்குக் கிழக்கே சீலம்பூரில் இப்படிப்பட்ட பெட்டிகளை வெறுங்கையால் பிரித்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். மின்னணுக் கழிவுக்கென்று 2022-இல் வகுத்த புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்துள்ளன. ஆனால் விதி வருவதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அது உண்மையிலேயே குப்பைதானா?

எங்கள் வீட்டுப் பெட்டி 2012-இல் நேரு பிளேஸில் வாங்கி அங்கேயே பூட்டித் தந்தது. கறுப்பு நிறம் வெளுத்து, கூலர் தண்ணீர் சிந்திச் சிந்தி அடித்தகடு துருவேறி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. பதினோராம் வகுப்புத் தேர்வு முடித்திருந்த என் மகன், கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்கும் வைத்த புதுப் பெட்டி வேண்டும் என்றான். விலை ஐயாயிரத்துக்கு மேல். "இதையே வெட்டி, பெயின்ட் அடித்துப் புதிதாக்கினால் என்ன?" என்று நான் கேட்டேன். அவன் சிரித்தான். என் கணவர் சிரிக்கவில்லை. "பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு இப்போது தகரவேலை எதற்கு?" என்றார்.

தகரவேலை! கோவை கணபதியில் என் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடைந்த காசில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். 2019-இல் அவர் காலமான பிறகு அவருடைய அரங்களும் குறடுகளும் வைத்த தகரப் பெட்டி என்னோடு தில்லிக்கு வந்து, நான் சொன்ன அதே மூலையில்தான் கிடந்தது. "அந்தத் தகரவேலை போட்ட சோறுதாங்க இது" என்று மட்டும் சொன்னேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை.

பெட்டி கெடுவதில்லை

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மதர்போர்டும் சிப்பும் சில வருடங்களில் பழசாகிவிடும். பெட்டி அப்படியல்ல. இன்டெல் நிறுவனம் 1995-இல் ஏ.டி.எக்ஸ் என்ற அளவுமுறையை வகுத்தது. முழு அளவு மதர்போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர். திருகாணித் துளைகள் எங்கெங்கே வர வேண்டும் என்பதும் அதிலேயே குறித்திருக்கிறது. அந்த அளவுமுறை இன்றும் புழக்கத்தில் இருப்பதால், பழைய பெட்டியில் புது மதர்போர்டு பொருந்திவிடுகிறது. எங்களுடையதில் 2021-இல் உள்ளே எல்லாம் மாற்றியாயிற்று. வெளிக்கூடு மட்டும் அப்படியே இருந்தது. பெட்டி என்பது துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு, அவ்வளவுதான். தகடு என்றால் வெட்டலாம், தேய்க்கலாம், வண்ணம் பூசலாம்.

முதலில் பாதுகாப்பு. பிளக்கைப் பிடுங்கி, எல்லாப் பாகங்களையும் வெளியே எடுத்துவிட வேண்டும். வெட்டும்போது பறக்கும் இரும்புத்தூள் ஒரு துளி மதர்போர்டில் விழுந்தாலும் அதற்கு முடிவுதான். பவர் சப்ளை என்னும் தகரப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கை எடுத்த பிறகும் அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதை முழுசாகக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.

கழற்றும்போதே ஒரு வேடிக்கை. நாலு திருகாணிகள் எத்தனை சுற்றினாலும் வெளியே வரவில்லை. "மரை கழன்று போச்சு" என்றேன். மகன் விழித்தான். மரை என்றால் திருகாணியில் சுற்றிச் சுற்றிப் போகும் வரி என்று காட்டினேன். "அப்போ பாட்டி எங்க டியூஷன் சாரை மரை கழன்ற கேஸ்னு சொன்னாங்களே, அது இதுதானா?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

அரம் பேசிய தமிழ்

நாங்கள் செய்ய நினைத்தவை இரண்டு. முன்பக்கம் பெரிய மின்விசிறி ஒன்று வைப்பது; பக்கவாட்டில் ஜன்னல் திறந்து அக்ரிலிக் தகடு பொருத்துவது.

மின்விசிறி அலங்காரத்துக்கு அல்ல. தில்லி வெயிலில் கம்ப்யூட்டர் மூச்சு முட்டுகிறது. சின்ன விசிறி வேகமாகச் சுற்றித்தான் காற்றைத் தள்ள முடியும், அதனால் இரைச்சல். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும். 120 மில்லிமீட்டர் விசிறிக்குத் திருகாணித் துளைகளின் இடைவெளி 105 மில்லிமீட்டர். முன்னால் காற்று உள்ளே வர வேண்டும், பின்னால் வெளியே போக வேண்டும். உள்ளே வரும் வழியில் வலை வடிகட்டி வைத்தால் தூசு அங்கேயே நின்றுவிடும்.

தகட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் பென்சிலால் கோடு போட்டோம். டேப் இருந்தால் கோடும் தெரியும், வெட்டும் இயந்திரம் உரசிக் கீறலும் விழாது. துளை போடும் இடத்தில் முதலில் ஆணியால் ஒரு தட்டு தட்டிக் குழி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் டிரில் வழுக்கிக்கொண்டு ஓடும். தெரு முனையில் இருக்கும் தச்சரிடம் ஜிக்ஸாவை ஒருநாள் வாடகைக்கு வாங்கி, இரும்பு வெட்டும் பிளேடு போட்டு வெட்டினோம். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம்.

வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அங்கேதான் அப்பாவின் அரத்தை எடுத்தேன். மகனுக்கு அதன் பெயர் ஹிந்தியில் தெரியும், "ரேத்தி" என்றான். திருப்புளிக்கு "பேச்கஸ்" என்றான். யோசித்துப் பார்த்தால் அதில் வியப்பில்லை. நம் பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைப்பது சமையலறைத் தமிழ். சங்கத்து ஞாயிறு வகுப்பில் கிடைப்பது குறளும் இலக்கணமும். கைவேலைத் தமிழ் இரண்டிலும் இல்லை. வேலை நடந்தால்தானே அந்தச் சொல்லுக்கு வாய் திறக்கும்?

"அரத்தை முன்னால தள்ளும்போது அழுத்தோணும், பின்னால இழுக்கும்போது தூக்கோணும்" என்று அப்பா சொல்வார். அரத்தின் பற்கள் முன்னோக்கியே அறுக்கும். இழுக்கும்போதும் அழுத்தினால் பல் மழுங்கிப் போகும். அதே கொங்குப் பேச்சில் அதைச் சொல்லிக் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் பிசிறு என்றால் என்ன, குறடு எது, ரம்பம் எது என்று அவனே கேட்டுக் கேட்டு எடுத்துக்கொண்டான். தாத்தாவை அவன் தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டதோடு சரி. அன்றுதான் அவர் என்ன வேலை செய்தார் என்று முதல் முறையாகக் கேட்டான்.

வண்ணம் பூசும் கலை

வெட்டுவது ஒருநாள் வேலை. பெயின்ட்டுக்கு ஒரு வாரம் வேண்டும். அதில் மூன்று பங்கு பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் செய்யும் வேலை. எங்கள் பகுதியில் கார்களுக்கு டென்ட்டிங்-பெயின்ட்டிங் செய்யும் பீகார் உஸ்தாத் ஒருவர் அதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

ஏற்கெனவே வண்ணம் இருக்கும் தகட்டை 320-ஆம் எண், பிறகு 400-ஆம் எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பளபளப்பைப் போக்க வேண்டும். பளபளப்பு இருந்தால் புது வண்ணத்துக்குப் பிடிமானம் இருக்காது. துருவைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, பள்ளங்களில் பட்டி பார்த்துக் காயவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். துத்தநாகம் பூசிய வெறும் தகட்டில் சாதாரண எனாமல் நேரடியாக அடித்தால், கொஞ்ச நாளில் தோல் உரிவதுபோல் உரிந்து வரும். எனாமலில் இருக்கும் எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலமாகிவிடுவதே காரணம். அதற்கென்று எட்ச் பிரைமர் என்று ஒன்று விற்கிறது. காஷ்மீரி கேட் மோட்டார் உதிரிபாகக் கடைகளில் அதுவும், ஸ்பிரே டப்பாக்களும் கிடைத்தன.

தில்லியில் எப்போது பெயின்ட் அடிக்கலாம் என்பதற்கே ஒரு பஞ்சாங்கம் வேண்டும். ஜனவரிக் குளிரில் பெயின்ட் உலராமல் வழியும். மே, ஜூன் அனல்காற்றில் துளி தகட்டைத் தொடுமுன்னே காய்ந்து சொரசொரப்பாகும். ஜூலை, ஆகஸ்ட் ஈரத்தில் வெண்மை பூக்கும். நவம்பரில் புகையும் தூசும். மார்ச் மாதக் காலை, காற்று எழுவதற்கு முன்னால், அதுதான் சரியான வேளை.

மொட்டை மாடியில் பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை நிறுத்தி, அதற்குள் தகடுகளை வைத்து அடித்தோம். டப்பாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, தகட்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். கை நிற்கக் கூடாது. முதல் பூச்சில் தகடு முழுவதும் மறைய வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. மெல்லிய பூச்சாக நாலு தடவை, நடுநடுவே பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி. அந்தக் கரைப்பானின் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். கைக்குட்டை கட்டினால் அது தடுக்காது; கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். பக்கத்தில் அடுப்போ தீக்குச்சியோ கூடாது. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே முழுதாக இறுக ஒரு வாரமாவது ஆகும்.

நிறம்? மகன் நீலம் என்றான், நான் பச்சை என்றேன். கடைக்காரர் எடுத்து வைத்த டப்பாக்களில் ஒன்று இரண்டுக்கும் நடுவே மின்னியது. "இது மயில்கழுத்து" என்றேன். என் கல்யாணப் பட்டின் நிறம். டப்பாவில் எழுதியிருந்த ஆங்கிலப் பெயரை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம்.

சுருக்கென்று ஒரு பாடம்

ஒரு முக்கியமான விஷயம். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. மதர்போர்டு உட்காரும் பித்தளைத் தாங்கிகள், பவர் சப்ளை பெட்டியைத் தொடும் விளிம்பு ஆகிய இடங்களில் உலோகம் உலோகத்தைத் தொட்டே ஆக வேண்டும். எர்த் அந்த வழியாகத்தான் போகிறது. அங்கெல்லாம் டேப் ஒட்டி மறைத்துவிட்டே அடிக்க வேண்டும்.

இதைச் செய்யும்போது மகன் ஒன்று சொன்னான்: பழைய பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டால் எப்போதும் சுருக்கென்று கிள்ளும் என்று. எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்தால், நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் அந்த பிளக்கின் மூன்றாவது முள்ளுக்கு எர்த் இணைப்பே இல்லை! பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை வழியாகக் கசியும் மிகச்சிறு மின்சாரம் எர்த் வழியே போய்விட வேண்டும். வழி இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பிலேயே தங்கும். நம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி அழுத்தம் அங்கே நிற்கும். மின்னோட்டம் சிறியது என்பதால் கிள்ளுவதோடு நின்றது. ஆனால் வேறு கோளாறு ஏற்படும் நாளில் காப்பாற்ற வேண்டிய எர்த் அங்கே இல்லை என்பதே உண்மையான ஆபத்து. பெட்டி முழுக்க வண்ணம் பூசியிருந்தால் அந்தக் கிள்ளல் தெரியாமல் போயிருக்கும். குறை அப்படியே இருந்திருக்கும். அன்றே எர்த் கம்பி இழுத்தாயிற்று.

ஒரு வாரம் கழித்துப் பூட்டினோம். வெட்டிய விளிம்புக்கு ரப்பர் பீடிங், ஜன்னலுக்கு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக். விசிறிக்குக் கம்பி இணைக்கும்போது டார்ச் பிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? "எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் சும்மா வெளிச்சம் காட்டறேன்" என்றபடி என் கணவர்தான். அதே வேலையைச் செய்யும்போது முன்பு 82 டிகிரி காட்டிய சிப், இப்போது 70 டிகிரியில் நிற்கிறது. மொத்தச் செலவு, எலக்ட்ரீஷியன் கூலி நீங்கலாக, ரூ.1,900. மகன் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமும் படிக்கிறான். கூடவே தாத்தாவின் அரங்களுக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்கிறான்.

ஊரை விட்டு வந்த நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பவை பல: பாட்டு, பரதம், குறள், கோலம். நம் வீடுகளில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு தறியோ, லேத்தோ, தச்சுப் பட்டறையோ, வயலோ இருக்கிறது. அந்தக் கைகளின் தமிழையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை; சைக்கிள், தையல் மெஷின், பழைய மேசை எதுவானாலும் சரி. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, கருவியைக் கையில் கொடுத்து, அதன் பெயரைத் தமிழில் சொல்லுங்கள். இரண்டாவது முறை அவர்களே அந்தப் பெயர் சொல்லிக் கேட்பார்கள்.

ஆனால் வேலை தொடங்குமுன் உங்கள் வீட்டு பிளக்கின் மூன்றாவது முள்ளுக்கு எர்த் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்!