நம் கையால் ஒரு பொங்கல் வாழ்த்து

சென்ற பொங்கலுக்கு உங்கள் செல்போனில் எத்தனை வாழ்த்து வந்தது? ஐம்பது? நூறு? அதில் ஒன்றாவது இப்போது நினைவிருக்கிறதா? எனக்கும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பதினோரு பொங்கல் வாழ்த்து அட்டைகள் இருக்கின்றன. எல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் வந்தவை. ஒவ்வொன்றும் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

எங்கள் அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அவரோடு வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் திருப்பூருக்குப் பிழைக்கப் போனார். அங்கிருந்து வருஷம் தவறாமல் பொங்கலுக்கு அட்டை அனுப்பினார். கிளி, டிராக்டர், சூரியன், ரஜினி என்று வகைவகையாக வரும். அப்பா படத்தைப் பார்ப்பார். எழுத்தை யாராவது படித்துச் சொல்வார்கள். பதில் மட்டும் அவர் போட்டதே இல்லை. "எழுதத் தெரிஞ்சாத்தானேடா போட முடியும்?" என்பார். ஒரு கட்டத்தில் அட்டை வருவதும் நின்றுவிட்டது.

அந்தப் பதிலைப் போடுவதற்காகத்தான் நான் அட்டை செய்யக் கற்றுக்கொண்டேன். கற்றதை இங்கே எழுதுகிறேன். நாம் டிப்ளமோ மாணவர்கள் அல்லவா, 'ஏன், எப்படி' என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

வாழ்த்து அட்டை பிறந்த கதை

1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. சாதாரண மக்களும் தபால் போடத் தொடங்கினார்கள். 1843-ல் ஹென்றி கோல் என்பவர், தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வரையச் செய்தார். சுமார் ஆயிரம் அட்டைகள் அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி, ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார்கள். நம் நாட்டில் 1879-ல் கால் அணா தபால் அட்டை வந்தது. பிறகு சிவகாசியின் ஆப்செட் அச்சகங்கள் பொங்கல் வாழ்த்துகளை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன. மார்கழி மாதம் பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்ட காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், முகம் மலரும்!

1. தாள்

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்று அர்த்தம். ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 வரை இருக்கும். வாழ்த்து அட்டைக்கு 200 முதல் 250 இருந்தால் நிமிர்ந்து நிற்கும்.

ஒரு சின்னக் கணக்கு. ஏ0 தாள் சரியாக ஒரு சதுர மீட்டர். ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 250 ஜி.எஸ்.எம். ஏ4 தாளின் எடை 15.6 கிராம். அதைப் பாதியாக வெட்டினால் 7.8 கிராம். அதை மடித்தால் 105 x 148 மில்லிமீட்டரில் ஓர் அட்டை. உறைக்கு ஒரு ஜெராக்ஸ் தாள், 5 கிராம். மொத்தம் 13 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. தபாலில் 20 கிராம் வரை ஒரே கட்டணம் என்பதால் பயமில்லை. ஆனால் ஆசைப்பட்டுக் கண்ணாடிக்கல், பாசிமணி எல்லாம் ஒட்டினால் எடையும் கூடும், தபால் முத்திரை குத்தும்போது நசுங்கியும் போகும்.

2. நார் ஓட்டம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெரிய அளவு நாளிதழ் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழியுங்கள், நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கன்னாபின்னாவென்று போகும். ஏன்? ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துக்கொள்கின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு சுத்தமாக வரும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து மடிப்பு வெடிக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் தகடு வளைக்கும்போது நமக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்? தகடு உருட்டப்பட்ட திசைக்குக் குறுக்காக வளைகோடு போடு, இணையாகப் போட்டால் வெடிக்கும் என்று. காகிதத்தில் அப்படியே தலைகீழ்! இது தெரியாமல் முதலில் நான்கு அட்டைகளை வீணாக்கினேன்.

கண்டுபிடிப்பது சுலபம். தாளை மடிக்காமல் லேசாக வளைத்து அழுத்துங்கள். பிறகு வேறு பக்கமாகத் திருப்பி அழுத்துங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவுக்கு இணையாகத்தான் நார்கள் ஓடுகின்றன.

3. மடிப்பு

கனமான அட்டையை நேரடியாக மடிக்கக் கூடாது. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். மடிக்க வேண்டிய இடத்தில் ஸ்கேலை வைத்து, பேனா முனையால் அழுத்தி ஒரு பள்ளக்கோடு இழுங்கள். அச்சகத்தில் இதற்குக் கிரீசிங் என்று பெயர். பள்ளம் அட்டையின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், பின்னால் புடைத்த பக்கம் உள்ளே போக வேண்டும். மடிக்கும்போது இழுவிசை வெளிப்பக்கத்துக்குத்தான் என்று நமக்குத் தெரியும். கோடு போட்ட இடத்தில் நார்கள் முன்பே தளர்ந்திருப்பதால் அந்த இழுவையைத் தாங்கிக்கொள்கின்றன. பிறகு கரண்டியின் முதுகால் ஒரு தேய் தேய்த்தால் கடை அட்டை தோற்றுவிடும்.

4. முத்திரை

படம் வரைய வராதவர்களுக்கு (என்னைப் போல) முத்திரைதான் தெய்வம். எளிய முத்திரை அடுப்படியிலேயே இருக்கிறது. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, ஈரத்தைத் துடைத்து, மையில் ஒற்றி வையுங்கள். அழகான பூ! உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிப் பானை வடிவம் செதுக்கலாம்.

கொஞ்சம் நாள் உழைக்க வேண்டுமென்றால் பென்சில் ரப்பரில் செதுக்குங்கள். நான் முதலில் 'பொங்கல்' என்று அழகாக எழுதி, இரண்டு மணி நேரம் செதுக்கி, குத்திப் பார்த்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"எனக்குத்தான் படிக்கத் தெரியாது. உனக்குமாடா இது புரியல?"

எழுத்தெல்லாம் இடம் வலமாக விழுந்திருந்தது! முத்திரையில் எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி இருக்க வேண்டும். இதற்கும் வழி உண்டு. டிரேசிங் தாளில் பென்சிலால் அழுத்தி எழுதுங்கள். எழுதிய பக்கத்தை ரப்பர் மீது கவிழ்த்து வைத்துத் தேயுங்கள். எழுத்து தானாகத் திரும்பி ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். செதுக்கும்போது பிளேடைச் சரித்துப் பிடியுங்கள். கோட்டின் அடி அகலமாகவும் மேல் குறுகியும் இருந்தால்தான் அழுத்தும்போது எழுத்து சாயாது.

மைக்கு ஸ்டாம்ப் பேடு போதும். பளபளப்பான தாள் மட்டும் வேண்டாம். அதில் மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்று, கை பட்டால் இழுகிவிடும்.

5. ஒட்டுவதும் சேர்த்து வைப்பதும்

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாவது படிக்கும்போது, அப்பாவின் பதினோரு அட்டைகளையும் ஆல்பமாக்குகிறேன் என்று ஒரு பழைய கணக்கு நோட்டில் ஒட்டினேன். கடைசியாக வந்த அட்டையை மட்டும் மைதாப் பசையில் முதுகு முழுக்கத் தடவி ஒட்டினேன். பசை தீர்ந்ததும் மற்றவற்றை செல்லோடேப்பில் ஒட்டினேன். மூன்று வருஷத்தில் டேப் மஞ்சளாகி, பசை படத்துக்குள் இறங்கிவிட்டது. பிரித்தபோது இரண்டு அட்டைகளில் படமே உரிந்து வந்தது. அப்பா திட்டவில்லை. உரிந்த கிளியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று. சிநேகிதரின் திருப்பூர் விலாசம் அந்தக் கடைசி அட்டையின் முதுகில்தான் இருந்தது. நான் அதைப் பசைக்குள் புதைத்திருந்தேன்!

நல்லவேளையாக அது மைதாப் பசை. தண்ணீர் பட்டால் இளகும். ஈரத் துணியை அந்தப் பக்கத்தின் பின்னால் வைத்து, அரை மணி நேரம் பொறுத்து, மெதுவாக உரித்தேன். எழுத்து பால்பாயிண்ட் பேனாவில் இருந்தது. அந்த மை எண்ணெய் கலந்தது, தண்ணீரில் எளிதில் கரையாது. மை ஊற்றும் பேனாவாக இருந்தால் அத்தனையும் கரைந்து போயிருக்கும். கதவு எண் முதற்கொண்டு விலாசம் தெரிந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அன்று கற்றுக்கொண்ட விதி இது: ஆல்பத்தில் எதை வைத்தாலும் சேதமில்லாமல் திரும்ப எடுக்க முடிய வேண்டும். ஆகவே அட்டையின் முதுகில் பசையே வேண்டாம். தாளில் சின்ன முக்கோண மூலைகள் செய்து, அந்த மூலைகளைப் பக்கத்தில் ஒட்டி, அட்டையைச் செருகி வையுங்கள். செல்லோடேப் கூடவே கூடாது. நாளிதழ் தாளில் ஆல்பம் செய்யாதீர்கள். அதில் மரத்தின் லிக்னின் அப்படியே இருப்பதால் வெளிச்சம் பட்டு மஞ்சளாகி நொறுங்கும். மைதாப் பசையைப் பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டிங் கடைகளில் மயில் துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், வீட்டில் முயல வேண்டாம்.

அப்பாவின் அட்டை

எல்லாம் கற்ற பிறகு, சென்ற தை மாதத்துக்கு முன்னால் அட்டை செய்ய உட்கார்ந்தோம். நான் பானையைச் செதுக்கினேன். கரும்பும் தோகையும் சரியாக வரவே இல்லை. அப்பாவிடம், "உங்க கட்டை விரலைக் குடுங்கப்பா" என்றேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கூலிப் பேரேட்டில் ஆயிரம் முறை உருட்டிய விரல் அது. அவருக்கு அது ஒரு வெட்கம். எனக்கும் ஒரு காலத்தில் வெட்கமாகத்தான் இருந்தது. விடுதி விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அவர் விரல் பதித்தபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பச்சை மையில் ஒற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு முறை பதித்தார். கணு கணுவாகக் கரும்பு நின்றது! விரலைச் சாய்த்துப் பதித்தார், தோகை ஆனது. "அட, நல்லாத்தான் இருக்கு" என்று அவரே இன்னொரு கரும்பு வைத்தார். உள்ளே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான்கே வரி.

பதில் வந்ததா என்று கேட்பீர்கள். இதை எழுதும் நாள் வரை வரவில்லை. ஆனால் அட்டை திரும்பியும் வரவில்லை. "அப்ப யாரோ வாங்கியிருக்காங்கடா" என்கிறார் அப்பா. அடுத்த பொங்கலுக்கு இப்போதே 250 ஜி.எஸ்.எம். தாள் வாங்கி வைத்தாயிற்று.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டயதாரி ஆகப் போகிறவர்கள். உங்கள் வீட்டிலும் யாருக்கோ போடாத பதில் ஒன்று பாக்கி இருக்கலாம். ஒரு தாள், ஒரு ரப்பர், ஒரு பிளேடு போதும். முயன்று பாருங்கள். வாழ்த்துக்கள்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை