ஒலிப்பதிவே இசையாக்கம் ஆன வரலாறு: பீற்றில்ஸ் குழுவினரின் ‘சார்ஜன்ற் பெப்பர்’ இசைத்தட்டு

இசைக்கலை தோன்றிய காலந்தொட்டுப் பாடுவோனும் கேட்போனும் ஓரிடத்தில் ஒருங்கே இருத்தல் அதற்கு இன்றியமையாததாக இருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒலிப்பதிவுக் கருவி தோன்றிய பின்னரும் இந்நிலை அடிப்படையில் மாறவில்லை. எங்கோ நிகழ்ந்த கச்சேரி ஒன்றின் நிழலாகவே இசைத்தட்டுக் கருதப்பட்டது. நிழல் எத்துணைத் தெளிவாயிருப்பினும் அது நிழலே. இவ்வுறவு தலைகீழாக மாறி, இசைத்தட்டே மூலப் படைப்பாகவும், அதற்கு வெளியே வேறு மூலம் எதுவும் இல்லாததாகவும் அமைதல் கூடும் என்பதைப் பாரிஸ் நகரில் பியர் ஷெஃபர் என்பார் 1948 ஆம் ஆண்டிலேயே காட்டினார். ஆயின் அது சோதனைக்கூடத்து முயற்சியாக, அறிஞர் சிலர்க்கே உரியதாக நின்றது. அம்மாற்றத்தைத் தெருவிற் செல்லும் இளைஞனும் உணரச் செய்த படைப்பு எதுவென வினவின், இங்கிலாந்து நாட்டுப் பீற்றில்ஸ் குழுவினர் 1967 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சார்ஜன்ற் பெப்பர்ஸ் லோன்லி ஹாட்ஸ் கிளப் பாண்ட்’ என்னும் இசைத்தட்டையே முதற்கண் சுட்டுதல் வேண்டும்.

லிவர்பூல் நகரத்தவராகிய ஜோன் லெனன், போல் மக்காட்னி, ஜோர்ஜ் ஹரிசன், றிங்கோ ஸ்ரார் ஆகிய நால்வரும் மேடைக் கலைஞராகவே வாழ்வைத் தொடங்கியவர்கள். அவர்களது முதலாவது நீண்ட இசைத்தட்டின் 14 பாடல்களுள் 10 பாடல்கள் 1963 ஆம் ஆண்டு பெப்ருவரி 11 ஆந் திகதி, ஒரே நாளிற் பதிவு செய்யப்பட்டன. அன்று மேடையிற் பாடுவது போலவே ஒலிவாங்கியின் முன் நின்று பாடினர், பாடியது பதிவாயிற்று. அடுத்த மூன்றாண்டுகளில் அவர்களது புகழ் மேடையையே பயனற்றதாக்கி விட்டது. கூடியிருந்தோர் எழுப்பிய கூச்சலில், பாடுவோர் தம் குரலைத் தாமே கேட்க இயலாதவராயினர். 1966 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘றிவோல்வர்’ இசைத்தட்டின் பாடல்களுள் ஒன்றேனும் அவ்வாண்டுச் சுற்றுப்பயண மேடைகளில் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. ஒலிப்பதிவுக் கூடத்தில் இயற்றியதை மேடைக்குக் கொணர இயலாத நிலை அப்பொழுதே தோன்றிவிட்டது. 1966 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29 ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த நிகழ்ச்சியோடு அவர்களது சுற்றுப்பயணங்கள் முடிவுற்றன.

மேடையைத் துறந்தவர்களுக்கு நேரம் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரிற் கென்யாவிலிருந்து திரும்பும் விமானத்தில், தாம் வேறொரு கற்பனை வாத்தியக் குழுவினராக மாறி ஓர் இசைத்தட்டைப் படைத்தால் என்ன என்னும் எண்ணம் மக்காட்னிக்கு எழுந்தது. பழைய பெயரோடு வந்த எதிர்பார்ப்புகளை இறக்கி வைப்பதற்கு அம்முகமூடி உதவும் என அவர் கருதினார். மேடைக்குச் செல்லாத குழுவினர், தமக்குப் பதிலாக இசைத்தட்டையே ஊர் சுற்ற அனுப்பலாம் என்பதும் அவ்வெண்ணத்தின் ஒரு கூறாகும். அமெரிக்கப் பீச் போய்ஸ் குழுவைச் சேர்ந்த பிறையன் வில்சன் 1966 இல் இயற்றிய ‘பெற் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டு அவருக்கு ஒரு சவாலாக அமைந்ததென்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

1966 நவம்பர் 24 ஆந் திகதி இலண்டன் அபே வீதியில் உள்ள ஈ. எம். ஐ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை தொடங்கிற்று. முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது லெனன் இயற்றிய ‘ஸ்ரோபெரி பீல்ட்ஸ் போர்எவர்’ என்னும் பாடல். அதனை இரு வேறு முறைகளிற் பதிவு செய்தனர். ஒன்று மென்மையானது, மற்றையது எக்காளங்களும் செல்லோக்களும் முழங்கும் வன்மையானது. முன்னதன் தொடக்கமும் பின்னதன் முடிவும் தமக்கு வேண்டுமென லெனன் கேட்டார். இரண்டும் சுருதியாலும் காலப்பிரமாணத்தாலும் வேறுபட்டவை. தயாரிப்பாளர் ஜோர்ஜ் மாட்டினும் இருபத்தொரு வயதினரான ஒலிப்பதிவாளர் ஜெப் எமரிக்கும், ஒலிநாடாவின் வேகத்தை ஒன்றிற் கூட்டியும் மற்றொன்றிற் குறைத்தும் பார்த்தபொழுது, சுருதியும் காலமும் ஏறத்தாழ ஒருங்கே இணங்கின. பாடல் தொடங்கிய ஒரு நிமிடத்தளவில் அமைந்த அவ்விணைப்பை, அறிந்து கேட்பவரே உணர்வர். எவரும் எக்காலத்தும் அவ்வாறு பாடியதில்லை; ஆயினும் அப்பாடல் இருக்கின்றது. இதுவே இவ்விசைத்தட்டின் முழு வரலாற்றுக்கும் திறவுகோல். அப்பாடலும் ‘பென்னி லேன்’ என்பதும் 1967 பெப்ருவரியிற் சிறு தட்டாக முன்கூட்டியே வெளியிடப்பட்டமையின், அக்கால வழக்கப்படி பெருந்தட்டிற் சேர்க்கப்படவில்லை. பிற்காலத்தில் மாட்டின் தமது தொழில் வாழ்வின் பெரும் பிழையென வருந்தியது இதனையே.

இங்கே அக்கூடத்துக் கருவிகளின் இயல்பை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். ஓரங்குல அகலமான ஒலிநாடாவில் நான்கு தடங்கள் மட்டுமே இருந்தன. ஒரு தடத்தில் மத்தளமும் கிற்றாரும், இன்னொன்றிற் குரல் என்றவாறு நான்கும் நிரம்பிய பின் மேலும் வாத்தியங்கள் சேர்க்க விரும்பின், அந்நான்கையும் கலந்து வேறொரு நாடாவின் ஒன்று அல்லது இரண்டு தடங்களுக்கு மாற்றுதல் வேண்டும். அவ்வாறு மாற்றியதும் எஞ்சிய தடங்கள் புதுப்பதிவுக்குக் கிடைக்கும். ஆனால் இதற்கு இரு விலைகள் உண்டு. மாற்றுந்தோறும் நாடாவின் இரைச்சல் பெருகும். கலந்தவற்றைப் பின்னர்ப் பிரித்தலும் இயலாது. மத்தளம் சற்று உரத்துவிட்டதே எனப் பிறகு எண்ணிப் பயனில்லை. ஆதலின், முடிவில் எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் வகுத்துக்கொண்டு, படிதோறும் மீளாத முடிவுகளை எடுத்தல் அவசியமாயிற்று. சுவரில் ஈரச் சுண்ணம் காயுமுன் வண்ணந்தீட்டும் ஓவியனது நிலை அது. அமெரிக்காவில் எட்டுத் தடக் கருவிகள் அப்பொழுதே வந்துவிட்டன. அவை கிடைத்திருப்பின் இப்படைப்பு இன்னும் சிறந்திருக்கும் எனக் கூறுவோர், இக்குறுகிய வழி விதித்த ஒழுங்கை மறந்துவிடுகின்றனர்.

கில்ட்ஹோல் இசைப்பள்ளியிற் பயின்ற மாட்டினுடைய பங்கு தனியே ஆராயத்தக்கது. இசைக்குறியீடு எழுதவோ வாசிக்கவோ பயிலாத இளைஞர் வாய்மொழியாகக் கூறும் விருப்பத்தை, வாத்தியக்காரர் வாசிக்கத்தக்க ஏடாக மாற்றுதல் அவரது பணி. லெனன் 1843 ஆம் ஆண்டுச் சர்க்கஸ் விளம்பரத்தாள் ஒன்றை ஒரு பழம்பொருட் கடையில் வாங்கி, அதன் வாசகங்களைக் கொண்டே ஒரு பாடல் இயற்றினார். அதில் சர்க்கஸ் கூடாரத்தின் மணம் வீசவேண்டும் என்பதே அவர் கூறிய கட்டளை. மாட்டின், நீராவியால் இயங்கும் இசைப்பெட்டிகளின் பழைய பதிவுகளை நாடாவில் எடுத்து, துண்டு துண்டாக வெட்டுவித்து, மேலே எறிந்து, விழுந்த ஒழுங்கில் ஒட்டச் செய்தார். அக்கலவையைப் பாடலின் பின்னணியில் மெல்லென ஓடவிட்டபொழுது, இராகம் எதுவெனப் புலப்படாத, ஆயினும் சர்க்கஸ் என உடனே உணர்த்தும் ஓர் ஒலி கிடைத்தது.

ஹரிசன் இயற்றிய ‘விதின் யூ விதௌட் யூ’ என்னும் பாடல் கீழைத்தேயத்தார் சிறப்பாக நோக்கற்பாலது. அவர் 1966 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் இந்தியா சென்று, ரவிசங்கரிடம் சித்தார் பயின்றார். 1967 மார்ச் 15 ஆந் திகதி, இலண்டனிலிருந்த ஆசிய இசை வட்டத்தைச் சேர்ந்த இந்தியக் கலைஞர்கள் தில்ருபா, தபேலா, தம்புரா, சுவரமண்டலம் ஆகியவற்றோடு வந்தமர்ந்தனர். குழுவினரில் ஏனைய மூவரும் அப்பாடலிற் பங்கு கொள்ளவில்லை. பாடலின் சுரவரிசை வடநாட்டார் கமாஜ் தாட் என்பது. கருநாடக இசையில் அது அரிகாம்போதி மேளம். பழந்தமிழர் செம்பாலை என வழங்கியது இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலரது கருத்தாகும். இடையில் வரும் வாத்தியப் பகுதி ஐந்து எண்ணிக்கை கொண்ட நடையில் அமைய, தில்ருபாவும் மேனாட்டு வயலின்களும் வினாவும் விடையுமாக ஒலிக்கின்றன. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் தில்ருபாவின் கமகத்தை, சுரங்களைத் தனித்தனியே நிறுத்தி வாசித்துப் பழகிய ஆங்கில வயலின்காரர்க்கு எழுத்தில் உணர்த்துவது மாட்டினுக்கு எளிதாயிருக்கவில்லை. இந்திய இசையின் ஒலியை அலங்காரமாக ஒட்டிக்கொண்ட பாடல்கள் அக்காலத்திற் பல தோன்றின. இப்பாடலோ அவ்விசையின் இலக்கணத்துட் சிறிதேனும் நுழைந்து பார்த்தது. எனினும் அந்த இந்தியக் கலைஞர்களின் பெயர்கள் தட்டின் உறையில் அச்சிடப்படவில்லை.

முடிவில் வரும் ‘எ டே இன் த லைப்’ என்னும் பாடலே தட்டின் சிகரம். லெனனின் பகுதியையும் மக்காட்னியின் பகுதியையும் இணைக்க 24 தாள அளவுகள் வெறுமையாக விடப்பட்டன. உதவியாளர் ஒருவர் உரத்து எண்ணினார். முடிவைக் குறிக்க ஒரு மணிக்கூடு அலறிற்று. அடுத்து வரும் பகுதி துயில் எழுதலைப் பற்றியதாகையால் அந்த அலறல் அப்படியே விடப்பட்டது. பெப்ருவரி 10 ஆந் திகதி 40 வாத்தியக்காரர் மாலை விருந்துடையில் அழைக்கப்பட்டனர். ஒவ்வொருவரும் தத்தம் கருவியின் தாழ்ந்த சுரத்திலே தொடங்கி, அயலாரைக் கவனியாது, 24 அளவுகளின் முடிவில் உச்சத்தை அடைதல் வேண்டும் என்பதே மாட்டின் இட்ட விதி. பிறரோடு ஒத்திசைப்பதையே வாழ்நாள் முழுதும் பயின்றோர்க்கு அதனினும் கடிய கட்டளை வேறில்லை. அதனை நான்கு முறை பதிந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினர். இதற்கென இரு ஒலிநாடாக் கருவிகளை ஒருங்கே இயக்கும் வழியைக் கென் ரவுன்சென்ட் என்னும் பொறியியலாளர் வகுத்தார். பன்னிரண்டு நாள்களின் பின் இறுதி ஒலி பதியப்பட்டது. பல பியானோக்களில் ஒரே வேளையிற் கட்டைகளை அழுத்தி, ஒலி தேயத் தேயப் பதிவின் அளவை ஏற்றிக்கொண்டே சென்றனர். அது நாற்பது விநாடிக்கு மேல் நீடித்தது. கூர்ந்து கேட்பின், முடிவிற் கூடத்திலே நாற்காலி ஒன்று கிரீச்சிடுவதும் கேட்கும். போதைப் பொருளைக் குறிப்பாற் சுட்டுவதாகக் கருதி பி. பி. சி. நிறுவனம் அப்பாடலை ஒலிபரப்பாது தடுத்தது.

உறையும் படைப்பின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. பீற்றர் பிளேக், ஜான் ஹேவர்த் என்னும் ஓவியத் தம்பதியர் புகழ்பெற்றோர் பலரது உருவங்களை வரிசையாக நிறுத்தி அமைத்தனர். ஹரிசனின் விருப்பப்படி பரமஹம்ச யோகானந்தர், யுக்தேஸ்வரர், லாஹிரி மகாசயர், பாபாஜி ஆகியோரும் அதில் இடம்பெற்றனர். காந்தியடிகளின் உருவமும் வைக்கப்பட்டிருந்தது. இந்தியாவில் மனக்கசப்பு விளையுமென அஞ்சிய நிறுவனத் தலைவர் அதனை நீக்கச் செய்தார். பாடல் வரிகள் முழுவதும் பின்னட்டையில் அச்சிடப்பட்டமை, நடனத்துக்குரியதாக எண்ணப்பட்ட இசையை ஏடு போல வாசிக்கவும் வேண்டுமென உரிமை கோரிய செயலாகும்.

1967 யூன் முதலாந் திகதி வெளியீட்டு நாளாகக் குறிக்கப்பட்டிருந்தபோதிலும், சில நாள் முன்னரே தட்டு இங்கிலாந்துக் கடைகளுக்கு வந்துவிட்டது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15 வாரம் முதலிடம் வகித்தது. 1968 இல் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருது, றொக் இசைக்கு முதன்முறையாக இதற்கே வழங்கப்பட்டது. யூன் 4 ஆந் திகதி இலண்டன் அரங்கொன்றில், கிற்றார்க் கலைஞர் ஜிமி ஹென்றிக்ஸ் இதன் தலைப்புப் பாடலை வாசித்து நிகழ்ச்சியைத் தொடங்கினார். இயற்றியோர் தாம் குழுவாக ஒருநாளும் மேடையேற்றாததை மற்றொருவர் மூன்று நாளில் மேடையேற்றியமை வியப்புக்குரியதே.

இது தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே கருத்தைத் தொடர்ந்து செல்லும் காவியம் போன்றது எனப் பலர் எழுதியுள்ளனர். அக்கூற்று ஆராயுமிடத்து நிலைபெறாது. கற்பனைக் குழு என்னும் எண்ணம் முதலிரு பாடல்களிலும், இறுதிக்கு முந்திய பாடலிலுமே காணப்படுகின்றது. தம் பாடல்களுக்கும் அக்கருத்துக்கும் தொடர்பில்லை என லெனனே பிற்காலப் பேட்டியிற் கூறினார். பாடல்களுக்கிடையே வழக்கமாக விடப்படும் மௌன இடைவெளி இங்கு நீக்கப்பட்டிருத்தலும், ஒரே கூடத்தின் ஒலிப்பண்பு எங்கும் பரவியிருத்தலுமே ஒருமைப்பாட்டு உணர்வை விளைக்கின்றன. ஒருமை பொருளில் இல்லை, ஒலியில் உள்ளது. நியூயோர்க் ரைம்ஸ் இதழில் றிச்சர்ட் கோல்ட்ஸ்ரீன் வெளியீட்டு மாதத்திலேயே இதனைப் போலிப் பகட்டென மறுத்து எழுதினார். அம்மறுப்பு அன்று பலரின் சினத்துக்கு ஆளாயிற்று. ஆயின் முழுவதும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒலியின் புதுமையை அகற்றி நோக்கின், சில பாடல்கள் ‘றிவோல்வர்’ தட்டின் பாடல்களுக்கு ஈடாகா.

இன்னோர் இழப்பும் நேர்ந்தது. ஐந்து மாதங்களாக நீண்ட இப்பணியில், அடுக்குமேல் அடுக்காகப் பதியும் முறையால், நால்வர் ஒருங்கே அமர்ந்து வாசிக்கும் வேளை குறைந்தது. காத்திருந்த நேரத்திற் சதுரங்கம் பயின்றதாகப் பின்னாளிற் கூறினார் ஸ்ரார். கூட்டாக வாசித்தலை மீட்க அவர்கள் 1969 இல் முயன்றனர். 1970 இல் குழு கலைந்தது. ஒலிப்பதிவுக் கூடமே இசைக்கருவி என்னும் கொள்கையோ பிறரிடம் தழைத்தது. 1967 இல் அதே கட்டிடத்தின் பிறிதோர் அறையிற் பதிவு செய்துகொண்டிருந்த பிங்க் புளொய்ட் குழுவினர், ஆறாண்டுகளின் பின் அங்கேயே ‘த டார்க் சைட் ஒவ் த மூன்’ இசைத்தட்டைப் படைத்தனர்.

றோலிங் ஸ்ரோன் இதழின் மதிப்பீட்டுப் பட்டியலில் 2003 இல் முதலிடம் பெற்ற இத்தட்டு, 2020 இல் 24 ஆம் இடத்துக்கு இறங்கிற்று. இடையே 2017 இல், ஐம்பதாண்டு நிறைவையொட்டி, மாட்டினின் மைந்தர் கைல்ஸ் மாட்டின் அதனைப் புதிதாகக் கலவை செய்தார். 1967 இற் குழுவினர் உடனிருந்து கவனித்தது ஒற்றைத்தட ஒலிக்கலவையையே. இருதடக் கலவை அவர்கள் இன்றி விரைவில் முடிக்கப்பட்டது. ஆதலின் அவர் ஒற்றைத்தடக் கலவையை வழிகாட்டியாகக் கொண்டு, கலந்து மாற்றுவதற்கு முந்திய மூல நாடாக்களைத் தேடியெடுத்தார். தந்தையார் பிரிக்க இயலாதவாறு கலந்த மத்தளமும் குரலும் கிற்றாரும் அவற்றில் இரைச்சலின்றித் தனித்தனியே இருந்தன.