அளவு மாறாத வண்டி

கம்பி பிரேக்கும் 28 அங்குலச் சக்கரமும் கறுப்பு வண்ணமும் கொண்ட பழைய மிதிவண்டி, பால்காரருக்கும் தபால்காரருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இரண்டு மூன்று தலைமுறை உழைத்துவிட்டு, இப்போது பெரும்பாலும் மாட்டுத்தொழுவத்தின் சுவரிலோ காயலான் கடையின் குவியலிலோ சாய்ந்து கிடக்கிறது. அப்படிக் கிடக்கும் இரண்டு மூன்று வண்டிகளிலிருந்து ஓடக்கூடிய ஒரு வண்டியைத் திரட்டி எடுப்பது கைத்திறனின் வெற்றி என்றே பொதுவாகப் பேசப்படுகிறது. ஆனால் அந்தக் கைத்திறனுக்கு இடம் தருவது, வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பத்தாண்டுகளில் செய்யப்பட்ட உதிரிகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி அமைந்துவிட்ட அளவுகளின் ஒழுங்குதான்.

இந்த ஒழுங்கின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் செயினும் உள்ள இன்றைய வடிவம், 1885-இல் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ரோவர் வண்டியில் நிலைபெற்றது. அதே காலத்தில் மிதிவண்டித் தொழிலுக்குள் வந்த பி.எஸ்.ஏ., 1861-இல் பர்மிங்காமில் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் முத்திரையில் சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள் இருப்பதற்கு அதுவே காரணம். ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றிலும் பொருந்தவேண்டும் என்ற படைக்கலத் தொழிலின் கட்டாயத்தில் பழகிய அந்த ஆலை, முழு வண்டிகளோடு நில்லாமல், சட்டம் மட்டும் செய்துகொண்ட சிறு தயாரிப்பாளர்களுக்கு உதிரிகளையும் விற்றது. இவ்வாறு சில பெரிய ஆலைகளின் அளவுகளே தொழில் முழுமைக்கும் பொது அளவுகளாயின.

விடுதலைக்குப் பின் அந்த அளவுகள் இந்தியாவுக்கும் உரியவை ஆயின. பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு முருகப்பா குழுமம் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை சென்னைக்கு அருகே அம்பத்தூரில் எழுந்து ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலே ஆலை அமைந்தது. பஞ்சாபின் லூதியானா உதிரிகளின் தலைநகராக வளர்ந்தது. லூதியானாவின் சிறு பட்டறைகள் ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளுக்குப் பொருந்தும் பொருளைச் செய்தால்தான் விற்கும் என்பதால், புது அளவு எதையும் புகுத்தவில்லை. எனவே இன்று வாங்கும் ஒரு ரிம், பர்மிங்காமில் போருக்கு முன் செய்யப்பட்ட சக்கரக் குடத்தோடு சிக்கலின்றி இணைகிறது.

அந்த அளவுகளுள் சிலவற்றையாவது மீட்டெடுப்பவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். முன்சக்கரத்துக்கு 32 ஆரக்கம்பிகள், ஓட்டுபவரின் எடையையும் கேரியர் சுமையையும் தாங்கும் பின்சக்கரத்துக்கு 40. செயினின் ஒரு கண்ணி அரை அங்குல நீளமும் அரைக்கால் அங்குல உள்ளகலமும் உடையது. நடு அச்சின் இரு பக்கமும் பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலக் குண்டுகள், அதாவது சிறுவர்கள் பால்ரஸ் என்று பொறுக்கி விளையாடியவை, சுழல்கின்றன. பின்குடத்தில் அதே குண்டு ஒன்பது ஒன்பதாகவும், முன்குடத்தில் 3/16 அங்குலக் குண்டு பத்துப் பத்தாகவும் இடம்பெறுகின்றன. அரசு பள்ளி மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டி பழுதாகிக் காயலான் கடைக்கு வரும்போது, சட்டம் வேறு வடிவமானதால் பயன்படாமற்போனாலும், அதன் பெடலும் செயினும் பழைய வண்டிக்கு மாறக்கூடும் என்பது இந்தப் பொதுமையின் பயன்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பலரும் தடுக்கி விழுவது அங்கேதான். நாட்டிங்காம் ராலே நிறுவனம் தன் வண்டிகளின் நடு அச்சுக் கப்புகளுக்கு அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது; மற்றவை பெரும்பாலும் 24 மரை உடையவை. கண்ணுக்கு வேறுபாடு தெரியாத இந்த இரண்டு மரைக்காக, கிடைத்த கப்பைக் கிடைத்த சட்டத்தில் முறுக்கி ஏற்றுபவர், ஐம்பது ஆண்டுகள் கெடாதிருந்த சட்டத்தின் உள்மரையை ஐந்து நிமிடத்தில் வழித்தெடுத்து விடுகிறார். ஆகவே ராலே வண்டிக்கு உதிரி தேடுபவர் இன்னொரு ராலேயின் சடலத்தையே தேடவேண்டும். வண்டி ராலேதானா என்பதை எப்படி அறிவது? அந்நிறுவனம் பல்சக்கரத்தின் நடுவே நாரைத் தலைகளை வெட்டியது, ரட்ஜ் வண்டியின் பல்சக்கரத்தில் விரித்த கை இருக்கும், ஹம்பரில் ஐந்து மனித உருவங்கள் வட்டமாக நிற்கும், பி.எஸ்.ஏ. தன் மூன்று எழுத்துகளையே பல்சக்கரத்தின் வடிவமாக்கியது. ஆனால் பல்சக்கரம் கிராங்கோடு கழன்று வேறு வண்டிக்குப் போகக்கூடியது, முன்குழாயில் பதிக்கும் பித்தளைச் சின்னமோ அதைவிட எளிதாகப் போகக்கூடியது. பழம்பொருள் விருப்பம் பெருகியதால் லூதியானா சட்டத்தில் ஆங்கிலச் சின்னம் பூண்ட வண்டிகளும் விலை பேசப்படுகின்றன. சட்டத்தில் பொறித்த எண்ணும் ஃபோர்க்கின் தலைப்பகுதியும் மரையின் எண்ணிக்கையும் ஒத்துச் சொல்வதையே நம்பவேண்டும். மூன்று வேக ஸ்டர்மி-ஆர்ச்சர் குடம் உள்ள வண்டியில் ஒரு வசதி உண்டு: அந்நிறுவனம் பெரும்பாலான குடங்களின் மேலேயே செய்த ஆண்டையும் மாதத்தையும் பொறித்துவிட்டது.

உதிரிகளின் ஊற்றுக்கண் காயலான் கடை மட்டுமன்று. மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட சைக்கிள் கடைகள் மூடப்பட்டபோது, அவற்றின் பரண்களில் எண்ணெய்க் காகிதம் சுற்றிய புதுக் கோன்களும் கப்புகளும் தங்கிப்போயின. பழைய கடைக்காரரின் குடும்பத்தாரிடம் பொறுமையாகப் பேசினால் கிடைக்கும் பொருள் அது. எங்கே தேடினாலும் முதலில் பார்க்கவேண்டியது சட்டம்தான், ஏனெனில் மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. பின்சக்கர அச்சு உட்காரும் ஒரு பக்கப் பிளவில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கப் பிளவில் இறுக்கி, இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்தால், சட்டம் கோணியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். குழாய்கள் சேரும் உறைமூட்டுகளில் வண்ணம் மயிரிழையாக வெடித்திருந்தால் அடியில் இரும்பும் வெடித்திருக்கலாம். துருவைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. மேலே பரவிய துரு வேறு, குழாயை உள்ளிருந்து அரித்த துரு வேறு. சுத்தியலின் பிடியால் தட்டும்போது கலீரென்ற ஒலி மங்கும் இடத்தில் குழாய் மெலிந்திருக்கக்கூடும்.

பிரிக்கும் வேலையில் அவசரம் ஆகாது. இறுகிய நட்டுகளில் மண்ணெண்ணெயோ மெல்லிய எண்ணெயோ விட்டு ஓரிரவு ஊறவிட்ட பின்பே சாவியை எடுப்பது கடைக்காரர்களின் வழக்கம். அதிலும், இடப்பக்கப் பெடல் எதிர்மரை உடையது என்பதை மறந்து வலிமையைக் காட்டுபவர் அதைக் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்குகிறார். இந்த எதிர்மரைக்குக் காரணம் உண்டு. மிதிக்கும் காலின் அழுத்தம் எப்போதும் கீழ்நோக்கி இருக்க, கிராங்க் சுழல்வதால், அந்த அழுத்தம் மரைத்துளையின் சுவரைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அதனால் பெடல் அச்சு துளைக்குள் எதிர்த்திசையில் நுண்ணளவாக உருள முற்பட்டு, இரு பக்கமும் ஒரே வகை மரை இருந்தால் ஒரு பக்கம் தானே கழன்றுவிடும். விமானத்துக்கு முன்பு அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள், 1900-இல் தங்கள் வண்டிகளில் இந்த எதிர்மரைப் பெடலைச் சேர்த்தனர். நடு அச்சில் இதே தத்துவம் மறுதலையாக வேலை செய்வதால், அங்கே செயின் பக்கத்துக் கப்புதான் எதிர்மரை உடையது. அது நல்ல நிலையில் இருந்தால் கழற்றாமலே விட்டுவிடுவது அறிவுடைமை.

கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின், இந்த வண்டியின் மிகவும் தொல்லையான உறுப்பு. ஆப்பு வடிவில் ஒரு பக்கம் சீவிய சிறு இரும்புத் தண்டான அதை நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் அடித்து வெளியேற்றுவதே ஊர் வழக்கம் என்றாலும், கிராங்கின் அடியில் கனமான இரும்புக் குழாயை நிலத்தோடு முட்டுக் கொடுக்காமல் அடித்தால், அடியின் அதிர்ச்சி முழுவதும் குண்டுகளின் வழியே கப்பில் இறங்கிக் குழி விழச் செய்யும். புதுப்பின்னின் சீவிய முகத்தை அரத்தால் தேய்த்து, அச்சின் வெட்டோடு முழுமையாகப் படியவைத்த பின்பே அடித்து இறக்கவேண்டும். இரு பக்கத்துப் பின்களும் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக நுழையவேண்டும், இல்லையெனில் இரண்டு கிராங்குகளும் ஒரே நேர்கோட்டில் நில்லாமல் கால்கள் நொண்டும்.

துரு நீக்கத்துக்கு முறைகள் பல. சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த உறுப்பை மின்கலத்தின் எதிர்முனையோடும் ஒரு பழைய இரும்புத் தகட்டை நேர்முனையோடும் இணைத்துக் குறைந்த மின்னழுத்தம் செலுத்தினால், இரும்பு தேயாமல் துரு மட்டும் இளகிவிடும். காற்றோட்டமான இடம் வேண்டும், ஏனெனில் ஹைட்ரஜன் வெளிப்படும். நேர்முனையில் எவர்சில்வர் தகடு வைத்தால் நச்சுக் குரோமியம் கரையும் என்பதால் அதைத் தவிர்க்கவேண்டும். குரோம் பூச்சின் மேலுள்ள துருவை, கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்தே பெருமளவு போக்கிவிடலாம். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, ஆகவே அதை உலர்வாக உரசித் தூசு கிளப்பாமல் நீர் விட்டே தேய்ப்பது நலம்.

சக்கரம் கட்டுவதே இந்தக் கலையின் உச்சம். வண்டியின் எடை, கட்டைவண்டிச் சக்கரத்தில் நிகழ்வதைப் போல, கீழே உள்ள ஆரக்கால்களின் மேல் நிற்கிறது என்று தோன்றும்; ஆனால் தையல் ஊசியை ஒத்த மெல்லிய கம்பி அழுத்தத்தைத் தாங்காது, வளைந்துவிடும். எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால், சுமை ஏறும்போது கீழ்க் கம்பிகளின் விறைப்பு சற்றுக் குறைகிறதே தவிர அவை நசுக்கப்படுவதில்லை. விறைப்பு போதாத சக்கரத்தில் கீழ்க் கம்பி முழுவதும் தளர்ந்து மறுபடி இறுகி, ஒவ்வொரு சுற்றிலும் இவ்வாறு நிகழ்ந்து, கடைசியில் குடத்தருகே உள்ள வளைவில் முறிகிறது. மிதிக்கும் விசை குடத்திலிருந்து ரிம்முக்குப் போகவேண்டுமானால் கம்பிகள் நேராக அல்லாமல் சாய்வாகப் புறப்படவேண்டும் என்பதால், ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்து மூன்று அல்லது நான்கு கம்பிகளைக் கடந்து பின்னப்படுகிறது. பின்னிய பிறகு கோட்டம் எடுக்கவேண்டும். ரிம் இடப்பக்கம் விலகினால் அவ்விடத்தில் வலப்பக்கக் கம்பிகளின் நிப்பிளைக் கால் திருப்பு இறுக்கி, இடப்பக்கத்தை அதே அளவு தளர்த்தவேண்டும். மேடாகத் துருத்தினால் இரு பக்கத்தையும் சேர்த்து இறுக்கவேண்டும். தேர்ந்தவர் கம்பிகளை விரலால் மீட்டி, ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒத்த சுருதியில் ஒலிக்கின்றனவா என்று கேட்டே விறைப்பைச் சரிபார்க்கிறார். இதில் ஒரு கட்டுப்பாட்டையும் மறக்கக்கூடாது: கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டை ரிம்மின் பக்கத்தில் அன்றி உள்முகத்தில் மேல்நோக்கி அழுத்துவதால், அதற்கென ஓரங்கள் உருட்டி அமைத்த வெஸ்ட்வுட் வகை ரிம்மே வேண்டும், வேறு ரிம்மை மாட்டினால் சக்கரம் ஓடும், வண்டி நிற்காது.

மீட்டெடுப்போரிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு: பழைய வண்ணத்தைச் சுரண்டிப் புதுப்பிப்பதா, இருப்பதைக் காப்பதா? பளபளக்கும் புதுக்கறுப்பும் புதுக்குரோமும் பூண்ட வண்டி கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்த ஏற்றது. ஆனால் கேரியர் உராய்ந்த தடமும், ஒரு காலத்தில் உள்ளாட்சி மன்றங்கள் மிதிவண்டி வரி வாங்கிக்கொண்டு கொடுத்த உலோக வில்லையும், உரிமையாளரின் பெயரைச் சிறு தூரிகையால் எழுதிய எழுத்தும் சுரண்டலில் போய்விட்டால் அவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வரலாறு தெரிந்த வண்டியில் வண்ணத்தைத் தொடாமல் இயங்கும் உறுப்புகளை மட்டும் மாற்றுவதும், பல சடலங்களைச் சேர்த்துக் கட்டிய வண்டியில் தாராளமாக வண்ணம் பூசுவதுமே முறை என்று கொள்ளலாம்.

இந்த வழக்குக்கே இடமில்லாத சூழலும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் 1990-களின் பொருளாதாரத் தடையின்போது எரிபொருளும் மின்கலமும் அரிதாகிவிட, துவிச்சக்கர வண்டியே ஆளையும் மூட்டையையும் நோயாளியையும் சுமந்தது. அதை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அங்கே பழுதுபார்ப்பு பொழுதுபோக்காக இருக்கவில்லை.

தேய்ந்த உறுப்பை அடையாளம் காண்பதற்கும் அளவுகோல்தான் துணை. புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை, பல்சக்கரமும் ஃப்ரீவீலும் அதோடு தேய்ந்திருக்கும். கோன்களில் குண்டு ஓடிய பாதை குழிந்திருந்தால் கிரீஸ் எதையும் மறைக்காது. எல்லாம் பூட்டி முடித்த பிறகும் வேலை சற்று மிச்சமிருக்கிறது: புதுப்பின்னும் புதுக்கம்பியும் சுமையில் படிந்து இளகும் என்பதால், முதல் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் சக்கரத்தின் கோட்டத்தை மறுபடி பார்த்து, காட்டர் பின்னை ஒருமுறை தட்டி நட்டை இறுக்கவேண்டும்; தளர்ந்த பின்னோடு தொடர்ந்து ஓட்டினால் கிராங்கின் துளை நீள்வட்டமாகிவிடும், அதற்குப் பிறகு எந்தப் புதுப்பின்னும் அதில் நிலைக்காது.