எங்கள் வீட்டு முயல் ஏன் சாப்பிட மறுத்தது?



'நான் வளர்க்கும் செல்லப்பிராணி' என்று போன மாதம் இதே சுவரில் நாய் பற்றியும் லவ் பேர்ட்ஸ் பற்றியும் படித்திருப்பீர்கள். நான் முயலைப் பற்றி எழுதப் போகிறேன். அதன் அழகைப் பற்றி இல்லை, அதன் சாப்பாட்டைப் பற்றி மட்டும். ஏனென்றால் சாப்பாட்டு விஷயத்தில் நான் செய்த ஒரு தப்பால் எங்கள் முயல் சாகப் பார்த்தது. அந்தத் தப்பை நம் பள்ளியில் இன்னும் நாலு பேராவது செய்துகொண்டிருப்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம்.

என் மாமா கொடைக்கானல் மேல்மலைக்குக் காய்கறி ஏற்றப் போகிறவர். அங்கே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆட்டோடு சேர்த்து முயலும் வளர்க்கிறார்கள். ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்று இரண்டு இனம். அந்தப் பக்கத்து ஊர் வீடு ஒன்றிலிருந்துதான் போன வருடம் மாமா ஒரு வெள்ளைக் குட்டியை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். அப்போது அது முக்கால் கிலோகூட இல்லை. வந்த அன்றைக்கு, கொடுத்த புல்லையெல்லாம் கறுக் கறுக்கென்று தின்றது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போதே அடம் பிடிக்கிற முயல் இல்லை அது.

கெடுத்தது நாங்கள்தான். தம்பி டீ குடிக்கும்போது ஒரு பிஸ்கட் துண்டு. பாவமாப் பார்க்குதேன்னு நான் இன்னொன்று. கார்ட்டூனில் பார்த்தோமே என்று கேரட். அப்புறம் வாழைப்பழம். இரண்டு மாதத்தில் நிலைமை என்ன ஆச்சு தெரியுமா? பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டால் ஓடி வரும். புல்லை வைத்தால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எங்க அம்மாச்சி அதைப் பார்த்து, "ஆமா, தொரைக்குப் புல்லு எறங்காதாக்கும்!" என்றார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் துரை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

காலாண்டு லீவில் எனக்கு ஒரு ரோஷம் வந்தது. "இனி பிஸ்கட் கிடையாது, பசிச்சா தானா புல்லைத் தின்னும்" என்று முடிவு செய்தேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. சாப்பிட அடம் பிடிக்கிற பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் இதுதானே வைத்தியம்? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புல்லை மட்டும் வைத்தேன். புதன் காலையில் புல் அப்படியே கிடந்தது. மத்தியானமும் அப்படியே. நானும் விடவில்லை. புதன் ராத்திரி பார்த்தால் துரை மூலையில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்திருக்கிறது. பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம். காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. எப்போதும் கொண்டைக்கடலை அளவில் நிறையக் கிடக்கிற புழுக்கை, அன்றைக்கு மிளகு அளவில் ஏழெட்டுதான் இருந்தது.

அம்மா பயந்துபோய், தம்பி காய்ச்சலுக்குக் குடித்த மிச்ச மருந்து பாட்டிலை எடுத்தார். "அரை மூடி குடுத்துப் பாப்போமா?" என்றார். அது அமாக்சிசிலின். நல்லவேளை, அக்கா "டாக்டரைக் கேக்காம வேணாம்மா" என்று பிடுங்கி வைத்துவிட்டாள். ஏன் 'நல்லவேளை' என்பது கொஞ்சம் பொறுத்துத் தெரியும்.

வியாழன் காலையில் கதவு திறப்பதற்கு முன்பே கால்நடை மருத்துவமனை வாசலில் நின்றோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?" நான் பெருமையாக, "பட்டினி போட்டிருக்கேன் மேடம், புல்லு திங்கட்டும்னு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாப்பா, நாயை ஒருநாள் பட்டினி போட்டாத் தாங்கும். முயலு தாங்காது. பன்னெண்டு மணி நேரம் ஒண்ணும் திங்கலேன்னா அதை நோயாத்தான் பாக்கணும்" என்றார்.

ஏன் தாங்காது? இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான இடம், கவனமாகப் படியுங்கள்.

முயலின் குடல் நிற்காத மில் மாதிரி. உள்ளே நார் போய்க்கொண்டே இருந்தால்தான் அது அசையும். தீனி நின்றால் குடல் அசைவு குறையும். உள்ளே இருப்பது நீர் வற்றிக் கெட்டியாகும். வாயு சேரும், வயிறு வலிக்கும். வலிப்பதால் இன்னும் சாப்பிடாது. சாப்பிடாததால் இன்னும் குடல் நிற்கும். இப்படியே சுற்றிச் சுற்றி ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடலாம். நமக்கு வயிறு சரியில்லை என்றால் வாந்தி எடுத்துவிடுவோம். முயலுக்கு வாந்தி எடுக்கவே முடியாது. உள்ளே போனது முன்பக்கமாகத்தான் நகர வேண்டும், வேறு வழி இல்லை.

அடுத்தது அந்த மருந்து. முயலின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. அதன் இரைப்பையைவிடப் பெரியது. அதில் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிரிகள் நாரைப் புளிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. அமாக்சிசிலின் போன்ற மருந்தை வாய் வழியாகக் கொடுத்தால் அந்த நல்ல நுண்ணுயிரிகள் செத்து, விஷம் உண்டாக்குகிற கெட்டவை பெருகிவிடும். அதனாலேயே முயல் செத்துப்போகும். அரை மூடியில் முடிந்திருக்க வேண்டிய கதை! அம்மா இதைக் கேட்டதும் ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பையில் தயாராவது வீணாவதில்லை. முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று நாம் பெருக்கித் தள்ளும் கெட்டிப் புழுக்கை. இன்னொன்று திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று, பளபளப்பாக வரும். அதை முயல் குனிந்து நேராக வாயாலேயே எடுத்துத் தின்றுவிடும். (தம்பி முதல் தடவை பார்த்து "சீ!" என்று கத்தினான்.) அசிங்கம் இல்லை, அதில் புரதமும் பி வைட்டமின்களும் இருக்கின்றன. மாடு அசை போடுகிற மாதிரி இது முயலின் வழி. இனிப்பும் மாவும் அதிகமானால் இந்த மெத்தென்ற புழுக்கை நாற்றமெடுத்து, தின்னப்படாமல் வாலடியில் ஒட்டிக்கிடக்கும். துரைக்கு ஒரு மாதமாகவே அப்படி ஒட்டியிருந்தது. நாங்கள் ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சும்மா இருந்தோம். அதுதான் முதல் எச்சரிக்கை என்று யாருக்குத் தெரியும்?

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பல்லையும் பார்த்தார். முயலுக்கு மொத்தம் 28 பற்கள். அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டர், அதாவது வருடத்துக்கு 10 சென்டிமீட்டர்! புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். பிஸ்கட்டை அரைக்க என்ன இருக்கிறது? தேயாத கடைவாய்ப் பல் முள் மாதிரி வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும். அப்போது முயல் ஆசையாக வந்து தீனியைக் கவ்வும், உடனே கீழே போட்டுவிடும். எச்சில் வடியும். பார்க்கிறவர்களுக்கு 'அடம்' என்றுதான் தோன்றும். ஆனால் அது வலி. துரைக்குப் பல் அந்த நிலைக்குப் போகவில்லை என்று சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

தோலுக்கடியில் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினார், வலிக்கு ஊசி போட்டார், குடல் அசைய மருந்து கொடுத்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "உப்பலா கல்லு மாதிரி இருந்தா எதையும் ஊட்டக் கூடாது. இது மெத்துன்னு இருக்கு, ஊட்டலாம்" என்றார். அருகம்புல்லும் கொத்தமல்லியும் அரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் வைத்து, வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி இருக்கிறதே, அந்த வழியாக. பத்தாம் வகுப்பு அறிவியலில் முயல் பாடத்தில் 'டயாஸ்டீமா' என்று அக்கா மனப்பாடம் செய்த அந்த இடைவெளிதான்! "பரிட்சைக்கு மட்டும்தான்னு நெனச்சேன்" என்றாள்.

இரவு முழுக்க மூன்று மணிக்கு ஒரு தடவை ஊட்டினோம். அப்பா துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்வார், நான் ஊட்டுவேன். விடியற்காலை நாலரைக்கு ஒரே ஒரு புழுக்கை விழுந்தது. வீடே கை தட்டியது. ஒரு புழுக்கைக்காகக் கை தட்டின குடும்பம் எங்கள் தெருவில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அப்புறம் புல் தின்னப் பழக்கியது மூன்று வாரக் கதை. பிஸ்கட்டை அன்றைக்கே நிறுத்திவிட்டோம். ஆனால் தீனியே இல்லாமல் விடவில்லை. துரை எதை மறுக்காமல் தின்கிறதோ (புதினா, கொத்தமல்லித் தண்டு) அதில் பிடித்துக்கொண்டோம். முதல் நாள் புதினாக் கட்டுக்குள் நாலு அருகம்புல். மறுநாள் எட்டு. நுனியை மட்டும் தின்னும், முற்றிய தண்டை விட்டுவிடும். பரவாயில்லை என்று மறுநாளும் வைப்போம். ஒரு பழைய நோட்டில் 'மோந்தது, கடித்தது, முடித்தது' என்று மூன்று கட்டம் போட்டு எழுதினேன். அதில் நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன்.

காலை 10 மணிக்கு வைத்த புல்லைத் தொடாது. சாயங்காலம் ஆறு மணிக்கும் விடியற்காலையிலும் வைத்தால் தின்னும். முயல் அந்தி நேரத்துப் பிராணி, உச்சி வெயிலில் தூங்குகிறவனை எழுப்பிச் சாப்பாடு போட்டால் நமக்கே பிடிக்காதே! வெயில் 30 டிகிரியைத் தாண்டினாலும் தீனி குறைகிறது. ஈரச் சாக்கைக் கூண்டின் மேல் போட்ட பிறகு சரியானது.

ரோட்டோரம் பிடுங்கிய புல்லை மோந்துவிட்டுத் திரும்பும். அதே புல்லைக் கிணற்றடியில் பிடுங்கிக் கொடுத்தால் தின்னும். ரோட்டோரப் புல்லில் வண்டிப் புகையும் நாய் மூத்திரமும் இருக்கும். இந்த விஷயத்தில் அடம் பிடித்தது துரையின் புத்திசாலித்தனம். நான்தான் முட்டாள்.

தட்டில் வைத்தால் மிதிக்கும். சணலில் கட்டித் தொங்கவிட்டால் இழுத்து இழுத்துத் தின்னும். அதுவும் அது புழுக்கை போடுகிற மூலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் இன்னும் நன்றாகத் தின்னும். போட்டுக்கொண்டே தின்கிற பழக்கம் முயலுக்கு உண்டு!

ஈரப் புல்லை நிழலில் கொஞ்சம் வாடவைத்துக் கொடுத்தோம். மழை நாளுக்காக இரண்டு மூட்டை புல் காயவைத்து வைத்திருக்கிறோம். பச்சை நிறம் போகாமல், வாசனையோடு காய வேண்டும். பூஞ்சை பிடித்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். "வைக்கோல் இருக்கே?" என்று கேட்காதீர்கள். அதில் சத்து குறைவு, படுக்கைக்குத்தான் சரி.

இப்போது துரையின் சாப்பாடு முக்கால்வாசிக்கு மேல் புல்தான். எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். கூட ஒரு கை கீரை: கல்யாண முருங்கை இலை, முள்ளங்கி இலை, புதினா என்று மாற்றி மாற்றி. காலையில் குச்சித் தீவனம் கொஞ்சம், அதுவும் அளந்துதான். கேரட் கட்டைவிரல் நுனி அளவு, வாரத்துக்கு இரண்டு தடவை. கேரட்டில் இனிப்பு அதிகம், அது முயலுக்கு மிட்டாய் மாதிரி. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் தீனியும் நின்றுவிடும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குச் செடி, சாக்லேட் எதுவும் கூடாது. அரளி பக்கமே விடக் கூடாது, அது விஷம். கடலைப் புண்ணாக்கை மழைக்காலத்தில் நாங்கள் வாங்குவதே இல்லை. அதில் பிடிக்கிற பூஞ்சை விஷம் முயலைக் கொன்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் துரையைப் பையில் போட்டு மளிகைக்கடை அண்ணாச்சி தராசில் நிறுத்துவோம். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று 1 கிலோ 600 கிராம். போன வாரம் 2 கிலோ 50 கிராம். "கிலோ என்ன விலைம்மா?" என்று அண்ணாச்சி ஒவ்வொரு வாரமும் கேட்கிறார், நானும் ஒவ்வொரு வாரமும் கோபப்படுகிறேன்.

முட்டைக்கோஸை மட்டும் இன்றுவரை துரை தொடவில்லை. தொட வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன். சில முயலுக்கு அது வாயு பண்ணும்.

கடைசியாக ஒரு உதவி. நம் மைதானத்தில் புல் வெட்டுகிற அன்றைக்கு யாராவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அரிவாளால் அறுத்த புல்தான் வேண்டும். மெஷினில் வெட்டிக் குவித்த புல் சூடாகிப் புளித்துவிடும், அது ஆகாது. களைக்கு மருந்து அடித்த பக்கம் எது என்று தெரிந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். சாக்கு நானே கொண்டுவருகிறேன்.

– 9 ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி