மதிலும் திறவுகோலும்

திருக்குறளில் ‘அரண்’ என்னும் 75 ஆம் அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் ஓரிடத்திற் சற்றே தயங்குதல் இயல்பு. கோட்டையைக் கைப்பற்றப் பகைவர் மேற்கொள்ளும் வழிகளை வள்ளுவர் ஆங்கு மூன்றாக வகுக்கின்றார். சூழ்ந்து முற்றுகையிடுதல் ஒன்று. முற்றாது நேரே பொருது தாக்குதல் மற்றொன்று. உள்ளிருப்போரை வஞ்சனையால் வசப்படுத்தல் மூன்றாவது. இம்மூன்றினாலும் பற்றுதற்கு அரியதே அரண் என்பது அவர் துணிபு. பல ஆண்டுகளுக்கு முன் இப்பாடத்தை நடத்துகையில் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, முதலிரண்டையும் மதில் தடுக்கும். மூன்றாவதை மதில் எப்படித் தடுக்கும்?” என வினவினான். உரையிற் கண்டதைக் கூறி அவனை அமர்த்தினேன். ஆயினும், விடை கூறிவிட்டேன் என்று என் மனம் ஒப்பவில்லை.

அவ்வினா மீண்டும் என் முன் வந்து நின்றது இத்தாலி நாட்டிலே. அங்கு வாழும் எம் பழைய மாணவர் ஒருவர் அழைப்பின்பேரிற் சென்றிருந்தபோது, மொந்தெரிஜோனி என்னும் சிற்றூருக்கு என்னை அழைத்துச் சென்றார். இடைக்கால ஐரோப்பியர் கட்டிய மதில் சூழ்ந்த ஊர்களுள், மதில் முழுமையாக எஞ்சி நிற்கும் சிலவற்றுள் இஃதும் ஒன்று.

சீயெனா நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில், தனித்து நிற்கும் ஒரு குன்றின் முடியில் அமைந்துள்ளது இவ்வூர். கீழே வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும் பரந்து கிடக்கின்றன. பெருந்தெருவிற் செல்வோர் தலை நிமிர்ந்து பார்த்தால் வீடுகள் எவையும் தோன்றா. வட்டமான மதிலும் அதன்மேல் இடையிட்டு எழும் கோபுரங்களுமே தோன்றும்.

இவ்வூர் சிறிது சிறிதாக வளர்ந்து பின்னர் மதில் பெற்ற ஊரன்று. மதிலுக்காகவே பிறந்த ஊர் எனலாம். சீயெனா, புளோரன்ஸ் என்னும் இரு குடியரசு நகரங்களும் அக்காலத்தில் ஓயாப் பகை கொண்டிருந்தன. புளோரன்ஸிலிருந்து வரும் படையை எல்லையிலேயே தடுக்கக் கருதிய சீயெனா நகரத்தார், இக்குன்றை விலைக்குப் பெற்று, 1214 ஆம் ஆண்டிலிருந்து 1219 ஆம் ஆண்டுவரை இம்மதிலை எழுப்பினர். குன்றின் வடிவைத் தழுவியே மதில் வளைந்து செல்கின்றது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 570 மீற்றர், கனம் ஏறத்தாழ 2 மீற்றர், கோபுரங்கள் 14, வாயில்கள் இரண்டு. ஒரு வாயில் சீயெனாவையும் உரோமாபுரியையும் நோக்கியது. மற்றையது புளோரன்ஸை நோக்கியது. நட்புக்கு ஒரு வாயில், பகைக்கு ஒரு வாயில் என்று சொல்லத் தோன்றுகின்றது.

கோபுரங்கள் மதிலின் வெளிப்புறம் நோக்கிப் பிதுங்கி நிற்பது காரணமின்றி அன்று. மதிலடியை அணுகிவிட்ட பகைவனை, மதிலின் மேல் நேரே நிற்பவன் எய்வது கடினம். பிதுங்கிய கோபுரத்தில் நிற்பவனோ அவனைப் பக்கவாட்டிலிருந்து எய்யலாம். இரு கோபுரத்து வீரர்களின் அம்புகளும் இடையிலுள்ள மதிற்பகுதி முழுவதையும் காக்கும். நம் பழந்தமிழ் நூல்கள் ஞாயில் எனக் கூறும் மதிலுறுப்பை மாணவர்க்கு விளக்க முயன்று இடர்ப்பட்ட எனக்கு, அங்கு நின்றபோது உழிஞைப் போரும் நொச்சிப் போரும் ஒருங்கே கண்முன் தோன்றின.

உள்ளே புகுந்தால் வியப்பு வேறு வகையினது. ஒரு வாயிலிலிருந்து மறுவாயிலுக்கு ஐந்து நிமிடத்தில் நடந்துவிடலாம். நடுவே கல் பாவிய ஒரு முற்றம். அதில் ஒரு கிணறு. அருகே 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எளிய தேவாலயம். வீடுகளுக்கும் மதிலுக்கும் இடையே தோட்டங்கள். முற்றுகைக் காலத்தில் உள்ளிருப்போர் உண்பதற்கு வேண்டியவற்றுள் ஒரு பகுதியை இத்தோட்டங்கள் தந்தன. நீரும் உணவும் உள்ளே அமைந்திருத்தல் வேண்டும் என்று அரணுக்கு வள்ளுவர் விதித்த இலக்கணம் இங்கும் பொருந்தக் கண்டேன். மதிலின் சில பகுதிகளிற் படியேறி, சிறு கட்டணம் செலுத்தி, மேலே நடந்து பார்க்கவும் இன்று வசதி செய்துள்ளனர்.

இவ்வூருக்கு அழியாப் புகழ் தந்தவர் மகாகவி தாந்தே. நரகத்தைப் பாடும் காண்டத்தின் 31 ஆம் படலத்தில், ஆழ்ந்த குழியைச் சுற்றி அரையளவு தோன்ற நிற்கும் அரக்கர்க்கு இவ்வூர்க் கோபுரங்களை அவர் உவமையாக்கினார். அவர் காலத்தில் அவை இன்றினும் உயர்ந்திருந்தன. இன்றைய இளைஞரோ இவ்வூரைப் பிறிதொரு வழியால் அறிவர். 2009 ஆம் ஆண்டு வெளிவந்த ‘அசாசின்ஸ் கிரீட் 2’ என்னும் கணினி விளையாட்டில் இவ்வூர் இடம்பெற்றுள்ளது. நான் கொணர்ந்த படத்தைக் காட்டியபோது, பெயரை நான் கூறுமுன்னரே மாணவர் சிலர் கூறிவிட்டனர்! அவ்விளையாட்டிற் காணும் பெருமாளிகை மட்டும் மெய்யான ஊரில் இல்லை என்பதை அவர்க்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

இனி, வினாவிற்கு வருவோம். புளோரன்ஸ் படை 1244, 1254 ஆகிய ஆண்டுகளில் இவ்வூரைத் தாக்கியது, மதில் அசையவில்லை. இவ்வாறு முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது தன் தொழிலைச் செவ்வனே செய்தது. 1554 ஆம் ஆண்டு, பேரரசன் ஐந்தாம் சார்ள்ஸின் துணையோடு புளோரன்ஸ் கோமகன் கோசிமோ சீயெனாவின்மேற் பெரும்போர் தொடுத்தான். அப்போது மொந்தெரிஜோனியின் காவல் ஜோவன்னினோ செத்தி என்னும் தளபதியிடம் இருந்தது. அவனோ புளோரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்டவன். சீயெனா அவனை நம்பியது. அவ்வாண்டில் அவன் திறவுகோலைப் பகைவர் கையிற் கொடுத்தான். பிறந்த நகருக்கு மீளும் ஆசையே அவனை அவ்வாறு செய்வித்தது என்பர். மதில் இடிக்கப்படவில்லை, கதவு உடைக்கப்படவில்லை. 1555 ஏப்பிரிலிற் சீயெனாவும் வீழ்ந்தது. அத்தளபதியின் ஆவி அமைதியின்றி நிலத்தடிச் சுரங்கத்தில் இன்றும் அலைகின்றது என்பது ஊரார் கூறும் கதை.

வீழ்ச்சியே இவ்வூரைக் காத்தது என்பது மற்றொரு வியப்பு. இரு நகரங்களும் ஒரே ஆட்சிக்குட்பட்டபின் எல்லை மறைந்தது. எல்லைக் கோட்டைக்கு வேலையும் இல்லாதொழிந்தது. பெருநகரங்கள் பல விரிந்து வளர்தற்பொருட்டுத் தம் மதில்களை இடித்தன. இச்சிற்றூரோ வளரவுமில்லை, இடிக்க வேண்டிய தேவையுமில்லை. உழவர் சிலர் உள்ளே வாழ்ந்திருந்தனர். மதில், காப்பதற்கு ஒன்றுமின்றி நின்றது. பிற்காலத்தார் அதன் அருமை உணர்ந்து செப்பனிட்டுப் பேணலாயினர்.

மாலை வெயிலில் அவ்வாயிலைக் கடந்து வெளியேறுகையில், அன்று வகுப்பில் எழுந்து நின்ற மாணவனை நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வழியை மதிலால் தடுக்க முடியாது என்பதே அவனுக்குரிய விடை. வள்ளுவரும் இதனை அறிந்தே, எத்துணை மாட்சி உடையதாயினும் செயற்றிறம் அற்றார் கையில் அரண் அரணாகாது என அவ்வதிகாரத்தை முடித்தார். பத்தாம் குறளில் இருந்த விடையை, ஏழாம் குறளிலே நின்று தேடியவன் நான்!

விழாக்காணும் நம் கல்லூரிக்கும் மதில் உண்டு, மண்டபம் உண்டு, இன்னும் பல எழும். அவற்றை எழுப்பப் பொருளுதவும் பழைய மாணவர்க்கு நாம் என்றும் கடப்பாடுடையோம். எனினும், ஒவ்வொரு தலைமுறையிலும் திறவுகோல் எவர் கையில் இருக்கின்றது என்பதே காலம் கேட்கும் வினா. அவ்வினாவை எழுப்பிய மாணவன் எங்கிருப்பினும் இதனைப் படிப்பானாயின், காலந்தாழ்த்திய இவ்விடையை ஏற்றுக்கொள்வானாக.