உங்களுக்குத் தெரியுமா? ஆணியைக் காக்கும் ஆனைமலைத் தேக்கு

ஓக் மரத்தில் அறைந்த இரும்பு ஆணியை அந்த மரத்தின் அமிலமே அரித்துவிடும். தேக்கின் எண்ணெயோ ஆணியைத் துருப்பிடிக்காமல் காக்கும்!

• பொள்ளாச்சி அருகே ஆனைமலையின் டாப்சிலிப் சரிவில் உருட்டிவிட்ட தேக்குத் தடிகள் 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய் கப்பல் கட்டும் தளத்துக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

• 1817-இல் பம்பாயில் மலபார் தேக்கில் கட்டிய ‘டிரிங்கோமலி’ போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. என்ன உறுதி!

• ஆனால் தேக்கின் அதே எண்ணெய், நீர்க்கசிவை அடைக்கும் சீலன்ட்டை ஒட்டவிடாது. படகில் தேக்குக் கைப்பிடி பொருத்தும்போது, அடிப்பக்கத்தை அசிட்டோனால் துடைத்து, அது உலர்ந்த உடனே சீலன்ட்டைப் பூச வேண்டும். பித்தளைத் திருகாணி வேண்டாம். உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும். சிலிக்கான் வெண்கலமோ 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள்.