பிரிவுக்குப் பின் வரும் கடிதங்கள்

மணவாழ்க்கை முறிந்து, நீதிமன்றத் தீர்ப்பும் கைக்கு வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று எண்ணியிருக்கும் வேளையில், ஒரு நாள் தபால்காரர் ஓர் உறையை நீட்டுகிறார். உறையின் மேல் இருப்பது பிரிந்து சென்றவரின் பெயர். அனுப்பியது ஒரு வங்கி. அதைப் பிரித்துப் பார்க்கலாமா, கிழித்தெறியலாமா? அதனுள் சொல்லப்பட்டிருக்கும் கடன் தம்மையும் தொடுமா?

இத்தகைய உறையோடு நம் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்களுள் சிலர் தேவையற்ற அச்சத்தோடு வருகின்றனர். வேறு சிலர், கவனித்திருக்க வேண்டிய கடிதத்தை அலட்சியம் செய்துவிட்டுக் காலம் கடந்து வருகின்றனர். இரு சாராருக்கும் நாம் சொல்வது ஒன்றே: கடன் உறவைப் பார்ப்பதில்லை, கையொப்பத்தைப் பார்க்கிறது.

கையொப்பம் இட்டவர் யார்?

ஒருவர் தம் பெயரில் மட்டும் வாங்கிய தனிநபர் கடனுக்கோ, கடன் அட்டை நிலுவைக்கோ, கணவர் அல்லது மனைவி என்ற ஒரே காரணத்தால் மற்றவர் பொறுப்பாவதில்லை. ஆனால் இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையொப்பமிட்டிருந்தால், விவாகரத்து அப்பொறுப்பை நீக்குவதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதனைத் தெளிவாக வகுத்துள்ளது. இருவர் கூட்டாக அளித்த உறுதிமொழியை நிறைவேற்றுமாறு அவர்களுள் எவரையும் கேட்கலாம் என்கிறது 43ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு ஈடானது என்கிறது 128ஆம் பிரிவு.

“வீட்டுக் கடனை அவரே கட்ட வேண்டும் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறதே!” என்று வியப்போடு கேட்பவர்கள் பலர். அத்தீர்ப்பு அவ்விருவரையும் கட்டுப்படுத்தும். அவர் கட்டத் தவறினால் மீண்டும் நீதிமன்றத்தை அணுகவும் உதவும். ஆயினும் அவ்வழக்கில் வங்கி ஒரு தரப்பாக இருக்கவில்லை. ஆகவே வங்கியுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது. வீட்டில் தமக்குரிய பங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டவரும் கடனிலிருந்து விடுபட்டவர் ஆகார். வீட்டின் உரிமை வேறு. கடனின் பொறுப்பு வேறு.

இதன் விளைவு பெரும்பாலும் பிந்தித்தான் தெரியவரும். கடனைக் கட்டுவதாக ஏற்றவர் தவணை தவறுகிறார். நிலுவை 90 நாட்களைக் கடந்ததும் அது வாராக்கடனாக வகைப்படுத்தப்படுகிறது. அந்தக் குறை இருவருடைய கடன் தகவல் அறிக்கையிலும் பதிவாகிறது. மற்றவர் தம் பிள்ளையின் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அச்செய்தியை முதன்முதலாக அறிகிறார்.

விடுபடும் வழிகள்

இணைக் கடனாளியின் பெயரை நீக்க வேண்டுமாயின், வங்கியின் எழுத்துபூர்வமான இசைவு தேவை. எஞ்சியிருப்பவரின் வருமானம் தனித்து அக்கடனைத் தாங்குமா என்பதை வங்கி ஆராய்ந்தே முடிவெடுக்கும். இயலாதெனில், அவர் தம் பெயரில் மட்டும் புதிய கடன் பெற்றுப் பழையதை அடைக்கலாம். அல்லது இருவரும் இசைந்து, வங்கிக்கும் தெரிவித்து, வீட்டை விற்றுக் கடனைத் தீர்க்கலாம். தனிநபர்கள் மாறும் வட்டியில் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது. ஆதலால், விவாகரத்து உடன்படிக்கை எழுதப்படும் முன்னரே கிளையை அணுகிப் பேசுவது நன்று.

தொழிற்கடன் போன்றவற்றுக்குத் தொடர் ஜாமீன் அளித்தவர்கள், 130ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவருக்கு அறிவிப்பு அளித்து எதிர்கால நடவடிக்கைகளுக்கு அதனை முடித்துக்கொள்ளலாம். அதுவரை வழங்கப்பட்ட கடனுக்கான பொறுப்பு தொடரும்.

உறையின் மேல் யார் பெயர்?

உங்கள் வீட்டுக்கு வரும் தபால்களை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, முன்னாள் துணைவரின் பெயருக்கு மட்டும் வருபவை. இவற்றைப் பிரிக்கவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். “பெறுநர் இம்முகவரியில் இல்லை” என்று உறையின் மேல் எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அவர் சார்பில் எதற்கும் கையொப்பமிட்டுப் பெற வேண்டாம். அவர் இங்கு வசிக்கவில்லை என்று அனுப்பிய வங்கிக்கு ஒரு கடிதம் எழுதி, அதன் நகலைப் பாதுகாத்து வையுங்கள்.

இரண்டாவது, இருவர் பெயருக்கும் வருபவை. இவற்றைக் கட்டாயம் பெற்றுப் படியுங்கள். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் வரும் அறிவிப்பு, நிலுவையைச் செலுத்த 60 நாள் அவகாசம் அளிக்கிறது. அதனை வாங்க மறுப்பதால் அவகாசம் நீளாது.

மூன்றாவது, உங்களுக்கு வரவேண்டியும் வந்து சேராதவை. நீங்கள் வீடு மாறியிருந்தால் உங்கள் கணக்கு அறிக்கைகள் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கலாம். பலருடைய கணக்கில் முன்னாள் துணைவரின் கைபேசி எண்ணே பதிவாகியிருக்கும். ஓடிபியும் குறுஞ்செய்தியும் அவருக்கே செல்லும். முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றை மாற்றுவதே முதல் வேலையாக இருக்கட்டும். ஏடிஎம் அட்டையின் பின் எண்ணையும் இணைய வங்கிக் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

கூட்டுக் கணக்கும் கூடுதல் அட்டையும்

இருவருள் எவரும் இயக்கலாம் என்ற முறையிலுள்ள கூட்டுக் கணக்கில், ஒருவரே முழுத் தொகையையும் எடுத்துவிட இயலும். உங்களுக்கிடையே தகராறு இருப்பின், தனித்து இயக்குவதை நிறுத்துமாறு கிளைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். உங்கள் கடன் அட்டையின் கூடுதல் அட்டை அவரிடம் இருந்தால், அவர் செய்யும் செலவுக்கும் முதன்மை அட்டைதாரராகிய நீங்களே பொறுப்பு. அதனை ரத்து செய்யக் கோருங்கள். வைப்புத்தொகையில் செய்த வாரிசு நியமனமும் விவாகரத்தால் தானே நீங்குவதில்லை. அதையும் மாற்றி எழுத வேண்டும்.

வசூல் முகவர் வந்தால்

கையொப்பமிடாத கடனுக்காக எவரேனும் உங்களை நெருக்கினால், நீங்கள் கடனாளியோ ஜாமீன்தாரரோ அல்லர் என்பதை உறுதியாகக் கூறுங்கள். அச்சத்தால் ஒரு சிறு தொகையையும் செலுத்த வேண்டாம். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது என்றும், கடனாளியின் குடும்பத்தினர், நண்பர்களின் அந்தரங்கத்தில் குறுக்கிடலாகாது என்றும் ரிசர்வ் வங்கி 2022இல் அறிவுறுத்தியுள்ளது. முதலில் அந்த வங்கியிடமே புகார் அளியுங்கள். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்கவில்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் பெறலாம்.

இன்று தொடங்கக்கூடிய வேலை ஒன்றுண்டு. நாட்டில் உள்ள சிபில், எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வழங்குகின்றன. அதனைப் பெற்று, உங்கள் பெயர் எந்தெந்தக் கடனோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். தவறான பதிவு இருப்பின் புகார் செய்யுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடில், அதன்பின் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு பெற உங்களுக்கு உரிமையுண்டு.

பிரிவின் துயரைப் போக்க நம்மால் இயலாது. ஆனால் எந்தக் கடன் உங்களுடையது, எது உங்களுடையதன்று என்பதைத் தெளிவாக எடுத்துரைக்க இயலும். அடுத்த உறை வரும்வரை காத்திராமல், உங்கள் கடன் ஆவணங்களோடு ஒருமுறை கிளைக்கு வாருங்கள்.